வானொலி அலைகள் ஒலியைச் சுமந்து வரும் முறை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வானொலி நிலையத்தில் ஒருவர் பேசுகிறார். பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரில் அக்குரல் அந்தக் கணமே கேட்கிறது. இடையில் கம்பி ஏதும் இல்லை. அக்குரலைச் சுமந்து வருவது வானொலி அலை. இதே வகை அலைதான் செல்பேசிக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் பயன்படுகிறது. ஆயினும் "கதிர்வீச்சு" என்ற சொல்லைக் கேட்டவுடன் எக்ஸ்-கதிர், புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை, செல்பேசிக் கோபுரம் ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கருதி அஞ்சுவோர் உள்ளனர். அவ்வச்சத்தால் தேவையான பரிசோதனை தள்ளிப்போகலாம். மறுபுறம், உண்மையில் கடைப்பிடிக்க வேண்டிய சில எச்சரிக்கைகள் கவனிக்கப்படாமலும் போகலாம். கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, வானொலி அலை செயல்படும் முறையையும் அது உடல்நலத்துடன் தொடர்புறும் இடங்களையும் இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• வானொலிப் பெட்டி அலைகளைப் பெறும் கருவி மட்டுமே. அதன் அருகில் நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி இருக்கலாம்.
• வானொலி அலைக்கு எக்ஸ்-கதிரைப் போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் இல்லை.
• எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் எக்ஸ்-கதிர் பயன்படுவதில்லை. ஆனால் உடலிலும் உடலின் மீதும் உள்ள உலோகம் குறித்து முன்கூட்டியே தெரிவிப்பது மிக இன்றியமையாதது.
• பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் செல்பேசியை அக்கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும்.
• மத்திய அலை வானொலியில் எழும் "கரகர" ஒலி மின்னலின் அறிகுறியாக இருக்கலாம்.

வானொலி அலை என்றால் என்ன?

ஒலிபரப்பு நிலையத்தின் கோபுரத்தில் மின்னோட்டம் மிக விரைவாக முன்னும் பின்னுமாக அலைகிறது. அதனால் மின்புலமும் காந்தப்புலமும் இணைந்த அலைகள் தோன்றி, ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பரவுகின்றன. ஒரு நொடியில் எத்தனை முறை அலைவு நிகழ்கிறது என்பதே அதிர்வெண். இதன் அலகு ஹெர்ட்ஸ்.

1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அகில இந்திய வானொலியின் திருநெல்வேலி நிலையத்தைக் கோவில்பட்டி வட்டார மக்கள் பல பத்தாண்டுகளாக மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வந்துள்ளனர். அந்த எண்ணின் பொருள், அலை ஒரு நொடிக்கு 11 இலட்சத்து 97 ஆயிரம் முறை அதிர்கிறது என்பதாகும். அதன் ஒரு முழு அலையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். கொடைக்கானல் பண்பலை நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அதன் அலை நொடிக்கு 10 கோடி முறைக்கு மேல் அதிர்கிறது. அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர் மட்டுமே.

ஒலி அலையின் மீது ஏறுவது எவ்வாறு?

மனிதக் குரல் நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் அதிர்வுகள் கொண்டது. அது காற்றில் நெடுந்தொலைவு செல்லாது. எனவே ஒலிவாங்கி குரலை மின்குறியாக மாற்றுகிறது. அக்குறி, விரைந்து அதிரும் வானொலி அலையின் மீது பதிக்கப்படுகிறது. இவ்வாறு சுமந்து செல்லும் அலைக்கு "ஊர்தி அலை" என்று பெயர்.

நாகசுரக் கச்சேரியில் இடைவிடாது ஒரே சுரத்தில் ஒலிக்கும் ஒத்தினை நினைவிற்கொள்ளலாம். மாறாமல் ஒலிக்கும் வரை அது எந்தச் செய்தியையும் கூறுவதில்லை. அவ்வொலியைச் சற்றே கூட்டியும் குறைத்தும் ஊதினால் அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு செய்தியை அடக்க முடியும். ஊர்தி அலையின் வீச்சு இவ்வாறு கூடிக் குறைவதே வீச்சுப் பண்பேற்றம். மத்திய அலை ஒலிபரப்பு இம்முறையைச் சார்ந்தது. ஒலியின் அளவை மாற்றாமல் சுருதியை மட்டும் சற்றே ஏற்றி இறக்கியும் செய்தியை அடக்கலாம். ஊர்தி அலையின் அதிர்வெண்ணை இவ்வாறு மாற்றுவது அதிர்வெண் பண்பேற்றம். இதுவே பண்பலை எனப்படும் எஃப்.எம். முறையாகும்.

மின்னலும் பழுதான மின்கருவிகளும் உண்டாக்கும் இடையூறு, பெரும்பாலும் அலையின் வீச்சையே பாதிக்கிறது. ஆகவே மத்திய அலையில் இரைச்சல் கேட்கிறது. பண்பலையில் ஒலி தெளிவாக உள்ளது.

கரிசல் நிலத்தில் அலை பயணிக்கும் வழிகள்

மத்திய அலை பகற்பொழுதில் நிலத்தைத் தழுவியபடி செல்கிறது. எனவே அது செல்லும் மண்ணின் தன்மையும் முக்கியமானது. ஈரமான களிமண் மின்சாரத்தை ஓரளவு நன்றாகக் கடத்துவதால் அதன் மீது அலை குறைந்த இழப்புடன் செல்லும். வறண்ட பாறை நிலத்தில் விரைவாக வலுவிழக்கும். களிப்பு மிகுந்த கரிசல் மண் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. கோடையில் மேற்பரப்பு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தாலும், மத்திய அலை மண்ணுக்குள் சில மீட்டர் ஆழம் வரை ஊடுருவுவதால், அடிமண்ணில் தங்கியுள்ள ஈரமும் கணக்கில் வருகிறது. உப்புக் கடல்நீர் இவை அனைத்தையும் விட மிகச் சிறந்த கடத்தி. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, கடலைக் கடந்து தென் தமிழ்நாட்டு வீடுகளில் தெளிவாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவில் மற்றொரு வழியும் திறக்கிறது. பகலில் சூரிய ஒளியால் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உருவாகும் ஓர் அடுக்கு, மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு மறைகிறது. அப்போது அலைகள் அதற்கும் மேலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தொலைவில் தரையிறங்குகின்றன. பகலில் கிடைக்காத நிலையங்கள் இரவில் கேட்பது இதனால்தான்.

பண்பலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்லும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரையே தொடுவானத்தை எட்டும். கொடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயரமானது. அங்கிருந்து தொடுவானம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வரை விரிவதால், கீழேயுள்ள சமவெளி மாவட்டங்களை அவ்வொலிபரப்பு எட்டுகிறது. குன்றுகளின் மறைவிலுள்ள ஊர்களில் மட்டும் பண்பலை மங்கலாகக் கேட்கும்.

வானொலிப் பெட்டி செய்யும் பணி

நம்மைச் சுற்றி ஒரே நேரத்தில் பல நிலையங்களின் அலைகள் உள்ளன. அவை ஆன்டெனாவில் மிக நுண்ணிய மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. பெட்டியின் திருகைத் திருப்பும்போது, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் அது இசைந்து, பிறவற்றை விலக்குகிறது. பின்னர் ஊர்தி அலையை நீக்கி, குரலை மட்டும் பிரித்தெடுத்து, பெருக்கி, ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நாம் கேட்கும் ஒலியின் வலிமை பேட்டரியிலிருந்தோ மின் இணைப்பிலிருந்தோ வருவதாகும்.

மத்திய அலைக்கான ஆன்டெனா, கம்பி சுற்றிய சிறு தண்டாகப் பெட்டிக்குள் உள்ளது. எனவே ஒலி மங்கினால் பெட்டியையே திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். பண்பலைக்கு வெளியே நீட்டும் குழல் ஆன்டெனாவை முழுமையாக நீட்ட வேண்டும். படுக்கையிலுள்ள முதியவர்களுக்கு வானொலி வைத்துக் கொடுக்கும் பராமரிப்பாளர்களுக்கு இச்சிறு குறிப்பு உதவும். படுக்கைக்கு அருகில் பெட்டியை வைப்பதால் எத்தீங்கும் இல்லை.

வானொலி அலை உடலைப் பாதிக்குமா?

தமிழில் "கதிர்வீச்சு" என்ற ஒரே சொல் மிகவும் வேறுபட்ட இரு வகைகளைக் குறிக்கிறது.

முதல் வகை அயனியாக்கும் கதிர்வீச்சு. எக்ஸ்-கதிர், சி.டி. ஸ்கேன், புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவை இதில் அடங்கும். இது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து, உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சேதப்படுத்தும் ஆற்றல் உடையது. ஆகவேதான் இது மருத்துவரின் ஆலோசனைப்படி, அளவறிந்து பயன்படுத்தப்படுகிறது.

இரண்டாம் வகை அயனியாக்காத கதிர்வீச்சு. வானொலி அலைகள் இவ்வகையின. மருத்துவ எக்ஸ்-கதிரின் ஒரு துகள் கொண்டுள்ள ஆற்றல், பண்பலை வானொலி அலையின் ஒரு துகளுடையதைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு அதிகம். வானொலி அலையின் உறுதியாக அறியப்பட்ட விளைவு, மிக வலுவான நிலையில் உடல் திசுக்களைச் சூடாக்குவதாகும். பொதுமக்களுக்கான பன்னாட்டுப் பாதுகாப்பு வரம்புகள் இவ்வெப்ப விளைவு தொடங்கும் நிலையை விட மிகக் குறைவாக வகுக்கப்பட்டுள்ளன.

புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையை மக்கள் வழக்கில் "கரண்ட் வைத்தல்" என்பர். இதில் மின்சாரம் உடலில் செலுத்தப்படுவதில்லை. வெளியிலிருந்து கருவி மூலம் அளிக்கப்படும் இச்சிகிச்சை முடிந்தவுடன் நோயாளியின் உடலில் கதிர்வீச்சு தங்குவதும் இல்லை. அவருடன் ஒரே அறையில் உறங்கலாம். அவர் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். கதிரியக்க அயோடின் போன்ற மருந்தை உட்கொண்டவர்களுக்கும், கதிரியக்கப் பொருள் உடலுக்குள் வைக்கப்பட்டவர்களுக்கும் மட்டும் விதிமுறைகள் வேறு. அவற்றை மருத்துவமனை எழுத்து மூலம் தெரிவிக்கும்.

கோபுரங்களும் செல்பேசிகளும்

அலையின் செறிவு தொலைவுடன் விரைவாகக் குறைகிறது. தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும். எனவே தொலைவிலுள்ள கோபுரத்தைவிட, காதோடு ஒட்டிப் பிடிக்கும் செல்பேசியிலிருந்தே உடலுக்குப் பொதுவாக அதிக அலை கிடைக்கிறது. கோபுரத் தொடர்பு பலவீனமான இடத்தில் செல்பேசி தன் ஆற்றலை மேலும் கூட்டிக்கொள்கிறது.

இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் செல்பேசிக் கோபுரங்களுக்கான அலைச்செறிவு வரம்பு, பன்னாட்டு வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. உடல் உறிஞ்சும் அளவு ஒரு கிலோகிராமுக்கு 1.6 வாட்டுக்கு மேற்படாத செல்பேசிகளே விற்கப்பட வேண்டும். பெரும்பாலான செல்பேசிகளில் *#07# என்று அழுத்தி அவ்வளவினை அறியலாம். வட்டாரத்திலுள்ள கோபுரங்களின் விவரங்களை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் "தரங் சஞ்சார்" இணையதளத்தில் காணலாம்.

உலகச் சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011ஆம் ஆண்டு வானொலி அதிர்வெண் அலைகளை "புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்புடையவை" என்னும் 2பி பிரிவில் வைத்தது. சான்றுகள் குறைவாக உள்ளன, மேலும் ஆராய வேண்டும் என்பதே இப்பிரிவின் பொருள். புற்றுநோய் உண்டாகும் என்று உறுதி செய்யப்பட்டதாகப் பொருளன்று. உலகச் சுகாதார அமைப்பின் ஏற்பாட்டில் நடைபெற்று 2024இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, செல்பேசிப் பயன்பாட்டிற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை எனத் தெரிவித்தது. இருப்பினும் நீண்ட உரையாடல்களுக்கு ஒலிபெருக்கியையோ காதணிக் கருவியையோ பயன்படுத்துவது எளிய, செலவில்லாத முன்னெச்சரிக்கை.

மத்திய அலை ஒலிபரப்புக் கோபுரங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றில் பல, ஆன்டெனா மேலே பொருத்தப்பட்ட கோபுரங்கள் அல்ல. கோபுரம் முழுவதுமே ஆன்டெனாவாகும். அதைத் தொட்டால் கடும் தீக்காயமும் மின்னதிர்ச்சியும் ஏற்படும். ஆடு மாடு மேய்ப்பவர்களும் சிறுவர்களும் பாதுகாப்பு வேலியைத் தாண்டி உள்ளே செல்லக் கூடாது.

எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் வானொலி அலையும்

பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவி, ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையைப் பயன்படுத்துகிறது. இது பண்பலை ஒலிபரப்பின் அதிர்வெண்ணுக்குச் சற்றே கீழே உள்ளது. வலிமையான காந்தப்புலத்தில் உள்ள உடலுக்குள் இவ்வலை செலுத்தப்படுகிறது. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அதற்கு இசைந்து, பின்னர் மெல்லிய வானொலிக் குறியைத் திருப்பி அனுப்புகின்றன. அக்குறிகளைக் கொண்டே கணினி படத்தை உருவாக்குகிறது. வெளியிலுள்ள ஒலிபரப்பு அலைகள் உட்புகுந்து படத்தைக் கெடுக்காதிருக்கப் பரிசோதனை அறையின் சுவர்களில் பொதுவாகச் செப்புத் தகடு பதிக்கப்பட்டிருக்கும்.

எனவே "கதிர்வீச்சு உடம்பில் ஏறிவிடும்" என்ற அச்சத்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது உலோகமே. காந்தம் இரும்பை ஈர்க்கும். வானொலி அலை உலோகத்தைச் சூடாக்கித் தோலைச் சுடக்கூடும். பரிசோதனைக்கு முன்:

• தாலிச் சங்கிலி, மெட்டி, கொலுசு, வளையல், மூக்குத்தி, வெள்ளி அரைஞாண், உலோகத் தாயத்து ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். கழற்ற இயலாதவற்றைப் பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும்.
• பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் இடப்பட்ட கிளிப், காக்ளியர் கருவி, எலும்பில் பொருத்திய தகடு, ஸ்டென்ட் ஆகியவை இருப்பின் அவற்றின் அட்டையையோ மருத்துவச் சுருக்கத்தையோ காட்ட வேண்டும்.
• பட்டறை, வெல்டிங், சாணை பிடிக்கும் பணிகளில் ஈடுபட்டு, கண்ணில் உலோகத் துகள் பட்டிருந்தால், அது பல ஆண்டுகளுக்கு முன்பாயினும், கூற வேண்டும்.
• தோலில் ஒட்டப்பட்ட மருந்துப் பட்டைகள் இருப்பின் தெரிவிக்க வேண்டும். சிலவற்றில் உலோக இழை இருக்கும்.
• கருவுற்றிருந்தால் முன்கூட்டியே கூற வேண்டும்.
• பரிசோதனையின்போது எங்கேனும் சூடு அல்லது எரிச்சல் உணர்ந்தால், கையில் தரப்படும் அழைப்புப் பொத்தானை உடனே அழுத்த வேண்டும்.

பேஸ்மேக்கரும் காது கேட்கும் கருவியும்

பேஸ்மேக்கரோ உள்பொருத்து டிஃபிபிரிலேட்டரோ உள்ளவர்கள் வானொலி கேட்கலாம், தொலைக்காட்சி காணலாம். செல்பேசியை மட்டும் கருவி உள்ள பக்கத்துச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. மறுபக்கக் காதில் வைத்துப் பேச வேண்டும். மின்தூண்டல் அடுப்பிலிருந்து ஏறத்தாழ 60 செ.மீ. விலகி நிற்க வேண்டும். கடைகளிலும் விமான நிலையங்களிலும் உள்ள சோதனை வாயில்களில் நிற்காமல், இயல்பாக நடந்து கடக்க வேண்டும்.

காது கேட்கும் கருவியில் செல்பேசியால் "டிர்ர்" என்ற இரைச்சல் கேட்கலாம். இது கருவிக்கு நேரும் இடையூறே தவிர, காதிற்குத் தீங்கன்று.

வானொலி தரும் மின்னல் எச்சரிக்கை

கரிசல் காடு மரங்கள் அரிதான திறந்தவெளி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பருவமழையுடன் இடியும் மின்னலும் வரும் காலத்திலேயே களையெடுப்பு போன்ற வேலைகளும் நடைபெறும். மின்னல் தானும் வானொலி அலைகளை வெளியிடுகிறது. மத்திய அலை வானொலியில் விட்டுவிட்டு "படபட", "கரகர" என்ற ஒலி எழுந்து, வரவர நெருங்கி வலுத்தால், மின்னல் மேகம் அணுகுவதாகக் கொண்டு வேலையை நிறுத்த வேண்டும். பண்பலையில் இவ்வொலி கேட்காது. எனவே பண்பலை தெளிவாக இருப்பதைப் பாதுகாப்பின் அறிகுறியாகக் கொள்ளக் கூடாது.

• மின்னல் தெரிந்து 30 நொடிகளுக்குள் இடி கேட்டால் உடனே உறுதியான கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். இறுதி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழித்தே வெளியே வர வேண்டும்.
• தனித்து நிற்கும் பனை, வேம்பு, கருவேல மரங்களின் அடியில் ஒதுங்கக் கூடாது.
• வானொலிக்கு வீட்டுக்கு வெளியே ஏரியல் கம்பி கட்டியிருந்தால், மழைக்கு முன்பே இணைப்பைக் கழற்ற வேண்டும். இடியின்போது அதைத் தொடக் கூடாது.
• மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. அவரை உடனே தொட்டு உதவலாம். மூச்சு இல்லையெனில் 108ஐ அழைத்து, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வீதம், 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்த வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. பல இடங்களில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் தடைபட்டன. இத்தகைய வேளையில், தொலைவிலுள்ள ஒலிபரப்பு நிலையம் இயங்கும் வரை, பேட்டரி வானொலி செய்தியைத் தரும். டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஆக்சிஜன் கருவியைச் சார்ந்திருப்போர், நிறைமாதக் கருவுற்றோர் உள்ள வீடுகளில் ஒரு பேட்டரி வானொலியும் மாற்றுப் பேட்டரிகளும் இருப்பது நன்று.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

செல்பேசிக் கோபுரத்தின் அருகில் வசிப்பதால் தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு ஏற்படுவதாகச் சிலர் உணர்கின்றனர். அத்துன்பம் உண்மையானது. ஆனால் அலை இருப்பதும் இல்லாததும் தெரியாதவாறு நடத்தப்பட்ட ஆய்வுகளில், அறிகுறிகள் அலையைச் சார்ந்து வரவில்லை. கோபுரத்தைக் காரணமாகக் கருதி இருந்துவிட்டால், உயர் இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, இரத்தசோகை, மனச்சோர்வு போன்ற சிகிச்சை அளிக்கத்தக்க காரணங்கள் கவனிக்கப்படாமல் போகும். அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்மேக்கர் உள்ளவருக்குத் தலைச்சுற்றல், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு ஏற்பட்டால், அருகிலுள்ள மின்கருவியை விட்டு உடனே விலக வேண்டும். அறிகுறி தொடர்ந்தாலோ மயங்கி விழுந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். பொதுவான உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம். பரிசோதனை அல்லது சிகிச்சை குறித்து "கதிர்வீச்சு" என்ற சொல்லைக் கேட்டு ஐயம் எழுந்தால், "இது எந்த வகைக் கதிர்வீச்சு?" என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அவ்வாறு கேட்பது நோயாளியின் உரிமை.